போகிமான் பாக்கெட்: புது செட்டில் எந்தக் கார்டு தேறும் என்று வரிசையாகப் பார்ப்பது எப்படி

போகிமான் டிசிஜி பாக்கெட் கைப்பேசியில் ஆடும் கார்டு விளையாட்டு. அதில் அவ்வப்போது புது செட், அதாவது புதுக் கார்டுகளின் தொகுப்பு, இறங்கும். அன்று இரவு பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் வருவதற்குள் கைப்பேசிகள் மேசைக்கு வந்துவிடும். "அண்ணே, இது 200 அடிக்குது! இதைப் போடாம வேற எதைப் போடுறது?" என்று தம்பிகள் கேட்பார்கள். கார்டில் இருக்கும் பெரிய எண்ணில் தொடங்கி, அதற்கு ஏற்ற காரணங்களைப் பிறகு தேடுவதுதான் புதியவர்களின் வழக்கம்.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். அந்த அடி எப்போது வருகிறது, அதற்கு எத்தனை கார்டு கைக்கு வர வேண்டும் என்று முதலில் பாருங்கள். எவ்வளவு அடி என்பது அதற்கு அப்புறம்தான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது. எடுத்துக்காட்டுக்கு 2024, 2025 செட்களின் கார்டுகளை எடுத்திருக்கிறேன். பலர் ஆடிப் பார்த்தவை என்பதால் கணக்கை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

1. பேக் திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள், ஒரு பேனா போதும். கடந்த இரண்டு வாரத்தில் உங்களை எதிர்த்து அடிக்கடி வந்த டெக்குகளில் (ஆட்டத்துக்குக் கொண்டுவரும் 20 கார்டுக் கட்டுகள்) ஐந்து அல்லது ஆறை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம்: முக்கிய அடிக்காரரின் எச்பி (சாய்வதற்குள் தாங்கும் அடி), அடியின் அளவு, எத்தனையாவது டர்னில் (அவர் ஆடும் முறை) அடிக்கத் தொடங்குகிறது. புது கார்டை எதோடு ஒப்பிடுவது என்பது இந்தத் தாளில்தான் இருக்கிறது. இது இல்லாவிட்டால் புது கார்டை இன்னொரு புது கார்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, செட்டின் முழுப் பட்டியல். பேக் திறக்கும் திரையிலேயே ஒவ்வொரு பேக்கிலும் என்னென்ன கார்டு, எவ்வளவு வாய்ப்பு என்று போட்டிருக்கும். முதல் செட்டான ஜெனடிக் ஏபெக்ஸில் சாரிசார்ட், மியூடூ, பிகாச்சு என மூன்று பேக் இருந்தன. 2025 ஜனவரியில் வந்த ஸ்பேஸ்-டைம் ஸ்மாக்டவுனில் டியால்கா, பால்கியா என இரண்டு. வேண்டிய கார்டு எந்தப் பேக்கில் என்று தெரியாமல், சேர்த்து வைத்த மணற்கடிகாரங்களை (பேக் திறக்கக் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பவை) அட்டைப்படம் பிடித்த பேக்கில் கொட்டுவதுதான் முதல் நாள் இழப்பு. பட்டியலைப் படிக்க அரைமணி நேரம் ஆகும். அதுவரை பேக்கைத் தொடாதீர்கள்.

2. எழுத்தை முழுசாகப் படியுங்கள்: யார், எப்போது, எங்கிருந்து

ஒவ்வொரு கார்டிலும் மூன்று கேள்வி கேளுங்கள். தேர்ந்தெடுப்பது யார்? எந்த நேரத்தில் நடக்கிறது? எனர்ஜியோ (அடிக்கத் தேவையான சக்தி) கார்டோ எங்கிருந்து வருகிறது?

சப்ரினா, சைரஸ் இரண்டுமே எதிராளியின் முன்னணிப் போகிமானை, அதாவது முன்னால் நின்று ஆடுவதை, மாற்றும் சப்போர்ட்டர்கள் (டர்னுக்கு ஒன்று மட்டும் போடக்கூடிய உதவிக் கார்டுகள்). சப்ரினாவில் உள்ளே வருவது யார் என்று எதிராளி முடிவு செய்வார். சைரஸில் நீங்கள் முடிவு செய்கிறீர்கள், ஆனால் பெஞ்சில் (பின்னால் காத்திருக்கும் வரிசையில்) ஏற்கெனவே அடிபட்ட போகிமானைத்தான் இழுக்க முடியும். அதனால் சைரஸுக்கு மதிப்பு வர வேண்டுமானால் பெஞ்சை முன்கூட்டியே தட்டிவைக்கும் கார்டோ, அடிபட்டதும் பின்வாங்கும் எதிராளியோ வேண்டும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆட்டத்தில் இரண்டுக்கும் வேலையே வேறு.

கிராட்டினா எக்ஸ் (பெயரில் எக்ஸ் வந்தால் வலுவான வகை) தன் எபிலிட்டியால் (அடி அல்லாத சிறப்புத் திறன்) எனர்ஜி சோனிலிருந்து (எனர்ஜி வரும் இடம்) ஒரு சைக்கிக் எனர்ஜியைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும். அதைப் பயன்படுத்தினால் உங்கள் டர்ன் அங்கேயே முடிந்துவிடும். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுப் படித்தவர்கள் அதே டர்னில் அடியும் விழும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

3. கடிகாரம்: முதல் அடி எந்த டர்னில்?

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். பாதிக் கார்டுகள் இங்கேயே கழிந்துவிடும்.

விதிகள் எளிமையானவை. ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜி. முதலில் ஆடுபவருக்கு முதல் டர்னில் எனர்ஜி கிடையாது. முதல் டர்னில் யாரும் எவால்வ் (போகிமானை அடுத்த நிலைக்கு உயர்த்துவது) செய்ய முடியாது. இறக்கிய டர்னிலேயே அந்தப் போகிமானை எவால்வ் செய்யவும் முடியாது. அப்படியென்றால் நான்கு எனர்ஜி கேட்கும் அடி, வேறு உதவி இல்லாவிட்டால், இரண்டாவதாக ஆடுபவருக்கு நான்காவது டர்னிலும் முதலில் ஆடுபவருக்கு ஐந்தாவது டர்னிலும் வரும். ஸ்டேஜ் 2, அதாவது பேசிக் என்னும் தொடக்க நிலையிலிருந்து இரண்டு முறை உயர்ந்த போகிமான், எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் மூன்றாவது டர்ன்தான். நடு நிலையைத் தாண்ட விடும் ரேர் கேண்டி இருந்தால் இரண்டாவது.

இரண்டு கார்டை எடுத்துப் பார்ப்போம். சாரிசார்ட் எக்ஸ்: ஸ்டேஜ் 2, எச்பி 180, மூன்று எனர்ஜிக்கு 60, நான்கு எனர்ஜிக்கு 200, ஆனால் 200 அடித்ததும் இரண்டு எனர்ஜி போய்விடும். டார்க்ராய் எக்ஸ்: பேசிக், எச்பி 140, மூன்று எனர்ஜிக்கு 80. அதோடு எனர்ஜி சோனிலிருந்து அதற்கு டார்க் எனர்ஜி ஏற்றும் ஒவ்வொரு முறையும் எதிராளியின் முன்னணிப் போகிமானுக்கு 20.

இரண்டாவதாக ஆடுகிறீர்கள், எல்லா எனர்ஜியும் ஒரே போகிமானுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்க்ராய் முதல் டர்னில் 20, இரண்டாவதில் 20, மூன்றாவதில் 20 கூட 80, நான்காவதிலும் அதே 100. மொத்தம் 240. சாரிசார்ட் முதல் இரண்டு டர்னில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் 60, நான்காவதில் 200. மொத்தம் 260. ஐந்தாவது டர்னில் சாரிசார்டிடம் மூன்று எனர்ஜிதான் மிச்சம், அதனால் மீண்டும் 60. டார்க்ராய்க்கு அதே 100. ஐந்து டர்னில் டார்க்ராய்க்கு 340, சாரிசார்டுக்கு 320. 200 என்று கண்ணைப் பறித்த கார்டு பின்தங்கிவிட்டது.

இப்படி ஒவ்வொரு புது கார்டுக்கும் ஐந்து டர்ன் வரை ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைத் தாளில் உள்ள டெக்குகளின் வரிக்குப் பக்கத்தில் வையுங்கள். எதிராளி மூன்றாவது டர்னில் உங்களைச் சாய்க்கத் தொடங்குகிறார், உங்கள் கார்டு ஐந்தாவதில்தான் விழிக்கிறது என்றால், நடுவில் அடி வாங்கித் தாக்குப்பிடிப்பது யார் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இருந்தால் கார்டு இன்னும் களத்தில் இருக்கிறது. சாரிசார்டுக்கு அந்தப் பதில் மோல்ட்ரஸ் எக்ஸ். மூன்று காசு சுண்டி, விழும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு ஃபயர் எனர்ஜியைப் பெஞ்சுக்கு ஏற்றும் கார்டு அது. மெதுவான கார்டு என்றாலே குப்பை என்று ஒதுக்கக் கூடாது. அதை வேகப்படுத்தும் கார்டு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. எத்தனை கார்டு கைக்கு வர வேண்டும்?

மேலே போட்ட சாரிசார்ட் வரி, மூன்றாவது டர்னுக்குள் சார்மாண்டர், சார்மிலியன், சாரிசார்ட் எக்ஸ் மூன்றும் கைக்கு வந்துவிட்டன என்ற நம்பிக்கையில் போட்டது. அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு.

டெக்கில் 20 கார்டு, ஒரே பெயரில் இரண்டு வரை, தொடக்கக் கையில் 5. இரண்டு பிரதி வைத்த ஒரு குறிப்பிட்ட கார்டு முதல் 5 கார்டில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம். மூன்றாவது டர்னில் 8 கார்டு பார்த்திருப்பீர்கள், அப்போது 65 சதவீதம். மூன்று வெவ்வேறு கார்டும், தலா இரண்டு பிரதி, அந்த 8 கார்டுக்குள் இருக்க வேண்டுமென்றால்? சுமார் 24 சதவீதம்தான். இரண்டு கார்டு எடுக்க விடும் புரொபசர்ஸ் ரிசர்ச் ஒன்று போட்டு 10 கார்டு பார்த்தால் 41. தொடக்கக் கையில் ஒரு பேசிக்காவது கட்டாயம் வரும் என்ற விதி இந்த எண்களைச் சற்று நகர்த்தும், ஆனால் முடிவை மாற்றாது.

இதை மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்க வழி: கார்டு வேலை செய்ய எத்தனை வெவ்வேறு பெயர்கள் கைக்கு வர வேண்டும் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் நிம்மதி. இரண்டு என்றால் டெக் முழுவதையும் அதைச் சுற்றிக் கட்ட வேண்டும். மூன்று என்றால், அது வந்து சேர்ந்த ஆட்டங்களில் ஏறத்தாழ உறுதியாக ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் வராத ஆட்டங்களின் நஷ்டத்தை ஈடுகட்டாது.

போக்கே பால் இதில் எப்படி நுழைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது டெக்கிலிருந்து ஒரு பேசிக் போகிமானைத் தற்செயலாக எடுத்துத் தரும். டெக்கில் பேசிக் குறைவாக இருந்தால் வேண்டியதே வரும். எந்தப் பேசிக் கார்டையும் மதிப்பிடும்போது "இதைச் சேர்த்தால் போக்கே பால் தப்பானதைத் தூக்கிவருமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல டெக்கில் "ஒன்று இருக்கட்டுமே" என்று மூன்றாவது பேசிக்கைச் சொருகுவது நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

5. அடியின் எண்ணை இப்போது பாருங்கள், ஆனால் எத்தனை அடியில் சாயும் என்று

60 என்பதும் 70 என்பதும் வெறும் எண்கள். எதிராளி இரண்டு அடியில் சாய்கிறாரா, மூன்றிலா என்பதுதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். எச்பி 120 உள்ள பிகாச்சு எக்ஸை 60 அடி இரண்டு முறையில் சாய்க்கும். எச்பி 130 உள்ள செலிபி எக்ஸுக்கு அதே 60 மூன்று முறை வேண்டும். உங்கள் தாளில் உள்ள எச்பி ஒவ்வொன்றையும் புது கார்டின் அடியால் வகுத்து, மேல்நோக்கி முழுதாக்கி எழுதுங்கள்.

அப்புறம் அந்த எண்ணை அசைக்கும் சின்னச் சின்னக் கார்டுகள். ஜியோவானி 10 கூட்டும். எதிராளியின் பலவீன வகையால் அடித்தால் 20 கூடும். போஷன் 20 குணமாக்கும். ஜயன்ட் கேப் எச்பியை 20 உயர்த்தும். பிகாச்சு எக்ஸ் பெஞ்சில் மூன்று லைட்னிங் போகிமான் இருந்தால் 90 அடிக்கும். இரண்டு அடி 180, சாரிசார்ட் எக்ஸ் சரியாகச் சாயும். எதிராளி நடுவில் ஒரே ஒரு போஷன் போட்டால் சாயாது. மியூடூ எக்ஸின் 150 டார்க்ராய் எக்ஸை ஒரே அடியில் முடிக்கும். டார்க்ராய் ஜயன்ட் கேப் போட்டிருந்தால் 160, முடிக்காது.

சரியாக எல்லையில் நிற்கும் கார்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். எதிராளியின் ஒரு சின்ன கார்டு அவற்றை முடமாக்கும். எல்லைக்கு மேலே 20 தாண்டி நிற்கும் கார்டுகளுக்கு வேறு குறி. என் அனுபவத்தில் செட்டின் முதல் வாரத்துக்குப் பிறகும் நிலைப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

6. பூவா தலையா கார்டுகள்

சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். மிஸ்டி பூ விழும் வரை காசு சுண்டி, தலைக்கு ஒரு வாட்டர் எனர்ஜி தரும். சராசரி ஒன்று. ஆனால் பாதி நேரம் ஒன்றுமே கிடைக்காது, கால்வாசி நேரம் ஒன்று, மிச்சக் கால்வாசியில் இரண்டோ அதற்கு மேலோ. முதல் டர்னில் அந்தக் கால்வாசி விழுந்தால் ஆட்டமே முடிந்துவிடும். விழாவிட்டால் அந்த டர்னின் ஒரே சப்போர்ட்டர் வாய்ப்பு வீண்.

செலிபி எக்ஸ் வேறு மாதிரி. அதில் ஏறியிருக்கும் எனர்ஜிக்கு ஒரு காசு, தலைக்கு 50. பெஞ்சில் செர்பீரியர் இருந்தால் கிராஸ் எனர்ஜி ஒன்று இரண்டாகக் கணக்காகும். இரண்டு எனர்ஜியில் நான்கு காசு: சராசரி 100, நான்கும் பூ விழ 16-ல் 1, 100 அல்லது அதற்கு மேல் விழ 16-ல் 11. காசு கூடக் கூட ஏமாற்றம் குறையும். ஆகவே ஒரே காசில் எல்லாம் தங்கியிருக்கும் கார்டையும் பல காசில் பரவியிருக்கும் கார்டையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள். புது கார்டுக்கு இரண்டு எண் எழுதுங்கள்: ஒன்றுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு, உங்களுக்கு வேண்டிய குறைந்தபட்சம் கிடைக்கும் வாய்ப்பு.

7. செத்தால் என்ன போகிறது?

ஜெயிக்க 3 புள்ளி. எக்ஸ் சாய்ந்தால் 2, சாதாரணப் போகிமான் 1, 2025 அக்டோபரில் வந்த மெகா எக்ஸ் சாய்ந்தால் 3. ஆக இரண்டு எக்ஸ் போனால் ஆட்டம் முடிந்தது, ஒரு மெகா போனாலும் முடிந்தது. ஒரு புள்ளிப் போகிமான் எதிராளியின் எக்ஸைச் சாய்த்துவிட்டுச் சாகுமானால் அந்த மாற்று உங்களுக்கு லாபம். வைரம் (கார்டு எவ்வளவு அரியது என்று காட்டும் குறி) குறைந்த கார்டுகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

ரிட்ரீட்டுக்கு (முன்னணியிலிருந்து பெஞ்சுக்குத் திரும்ப) எத்தனை எனர்ஜி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கேட்கும் போகிமான் முன்னணியில் மாட்டினால் சுலபமாக வெளியே வராது.

8. டெக்கில் எதை எடுக்கப் போகிறீர்கள்?

கார்டு நல்லது என்று முடிவாகிவிட்டது. சரி, 20 இடத்தில் எது வெளியே போகிறது? பெயரோடு எழுதுங்கள். இரண்டு புரொபசர்ஸ் ரிசர்ச், இரண்டு போக்கே பால் ஏறத்தாழ எல்லா டெக்கிலும் இருக்கும், அது 4. ஸ்டேஜ் 2 வரிசை 6. மிச்சம் 10. அதில் துணைப் போகிமான், எதிராளியை இழுக்கும் சப்போர்ட்டர், குணமாக்குவது எல்லாம் அடங்க வேண்டும்.

எடுக்க வேண்டிய கார்டின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் புது கார்டுக்கு உங்கள் டெக்கில் இடம் இல்லை. அதற்கென்று வேறு டெக் கட்ட வேண்டும், அது வேறு செலவு. இரண்டு வகை எனர்ஜி கேட்கும் கார்டானால் இன்னும் கவனம். எனர்ஜி சோன் எந்த வகையைத் தரும் என்பது உங்கள் கையில் இல்லை. 3-ஆம் படியில் எழுதிய வரியை ஒரு டர்ன் தள்ளிப் போட்டு மறுபடி பாருங்கள்.

9. டிரெய்னர் கார்டுகளைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள்

பட்டியலின் கடைசியில் இருப்பதால் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: புது செட்டில், பேக் திறந்து சேர்த்த புள்ளியைச் செலவிட முதலில் தகுதியானது எந்த டெக்கிலும் நுழையக்கூடிய டிரெய்னர் (போகிமான் அல்லாத உதவிக் கார்டு)தான். ஒரு எக்ஸ் ஒன்றிரண்டு டெக்கில் இருக்கும். சைரஸ், ஜயன்ட் கேப் போன்றவை நிறமே பார்க்காமல் எங்கும் நுழையும்.

இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான். சப்போர்ட்டரா, அல்லவா? சப்போர்ட்டர் டர்னுக்கு ஒன்றுதான், எனவே புது சப்போர்ட்டர் புரொபசர்ஸ் ரிசர்ச்சோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும். போஷன் போன்ற ஐட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

10. தாளில் ஆடிப் பாருங்கள்

வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுக்கட்டில் 20 சீட்டு எடுத்து, சின்னக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கலைத்து ஐந்து எடுத்து, எதிராளி இல்லாமலே ஐந்து டர்ன் ஓட்டுங்கள். கையில் பேசிக் இல்லாவிட்டால் மறுபடி கலையுங்கள். எத்தனையாவது டர்னில் முதல் அடி விழுந்தது என்று மட்டும் குறியுங்கள். இருபது முறை ஓட்ட ஒரு மணி நேரம் போதும். 3-ஆம் படியில் போட்ட கணக்கு எவ்வளவு தூரம் நிஜமாகிறது என்று தெரிந்துவிடும். ஒரு பேக்கும் திறக்க வேண்டியதில்லை.

பிறகு எதிராளியோடு. நண்பர் ஒருவர் உங்கள் தாளில் உள்ள வலுவான டெக்கையும் அதேபோல் ஒட்டிக்கொண்டு எதிரே உட்காரட்டும். கார்டு கைக்கு வந்தபின் ஆப்பிலேயே கடவுச்சொல் போட்டு இருவர் மட்டும் ஆடும் வசதி உண்டு. கணினியோடு ஆடும் தனி ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது தவறவிடும் அடிகளை மனிதர்கள் தவறவிட மாட்டார்கள்.

தோற்ற ஆட்டத்துக்குக் காரணம் எழுதும்போது "கார்டு வரவில்லை", "வந்தும் பத்தவில்லை" என்று இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது அதிகம் என்றால் 4-ஆம் படிக்குத் திரும்புங்கள், டெக்கைத் திருத்தலாம். இரண்டாவது அதிகம் என்றால் கார்டை விட்டுவிடலாம்.

11. புள்ளியைச் செலவிடுவது

ஒரு பேக் திறந்தால் 5 புள்ளி. நான்கு வைர எக்ஸ் கார்டுக்கு 500 புள்ளி, அதாவது 100 பேக். இலவசமாக 12 மணி நேரத்துக்கு ஒரு பேக் என்ற கணக்கில் 50 நாள். மணற்கடிகாரம் இருந்தால் குறையும். ஒரு செட்டில் சேர்த்த புள்ளியை இன்னொரு செட்டில் பயன்படுத்த முடியாது. இந்தக் காரணத்தால்தான் இதற்கு முன் பத்துப் படி.

ஒரு வைரம் 35, இரண்டு வைரம் 70, மூன்று வைரம் 150. டிரெய்னர்கள் பெரும்பாலும் இரண்டு வைரம், ஆகவே ஒரு எக்ஸ் விலைக்கு ஏழு டிரெய்னர் எடுக்கலாம். அதே கார்டின் இரண்டு நட்சத்திரச் சிறப்புப் படத்துக்கு 1,250. ஆட்டத்தில் அது செய்யும் வேலை நான்கு வைரக் கார்டு செய்யும் அதே வேலைதான். படம் பிடித்து வாங்குவது உங்கள் விருப்பம், ஆனால் டெக் முடிந்தபிறகு.

முதல் ஒரு வாரம் புள்ளியைத் தொடாமல் வையுங்கள். இலவசப் பேக்கிலேயே சில கார்டு வந்து விழும், மற்றவர் திறந்த பேக்கிலிருந்து ஒரு கார்டு எடுக்கும் வொண்டர் பிக்கிலும் கிடைக்கலாம். அதற்குள் உங்கள் தாளில் உள்ள டெக்குகளும் மாறியிருக்கும். புதிதாகக் கண்ட டெக்குகளை அதில் சேர்த்து, தேறிய கார்டுகளுக்கு மட்டும் 3-ஆம் படியையும் 5-ஆம் படியையும் மறுபடி போடுங்கள்.

எத்தனை பிரதி என்பதற்கும் 4-ஆம் படிதான் பதில். கார்டு சீக்கிரம் வந்தால்தான் பயன் என்றால் இரண்டு வேண்டும், ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்று அதிர்ஷ்டத்தில் வரும் என்று ஆடத் தொடங்காதீர்கள். ஆட்டத்தின் கடைசியில் ஒருமுறை மட்டும் தேவைப்படும் கார்டு என்றால் ஒன்றே போதும், மிச்சப் புள்ளி டிரெய்னருக்கு.